வழித்த தட்டு

எடை பார்க்கும் இயந்திரத்தில் நிற்கப் பட்டாணி சம்மதிக்கவில்லை. நர்ஸ் தூக்கி வைத்ததும் இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு தொங்கினாள். கடைசியில் அம்மா தனியாக ஒருமுறை ஏறினாள், பிறகு மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருமுறை ஏறினாள், நர்ஸ் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தாள். ஒன்பது கிலோ நூறு கிராம். இரண்டு மாதத்துக்கு முன் இதே அறையில் ஒன்பது கிலோ நானூறு. பிறந்தபோது இருந்த அளவைப் பார்த்து வைத்த செல்லப்பெயர் இரண்டு வயது தாண்டியும் பொருந்திப்போவது வீட்டில் யாருக்கும் இப்போது வேடிக்கையாக இல்லை.

“ஏம்மா, இந்த வயசுல கூடணுமே தவிர குறையலாமா? என்னதான் குடுக்கறீங்க?”

“டே கேர்ல நல்லா சாப்பிடுறா சிஸ்டர். தினமும் போட்டோ அனுப்புறாங்க. இங்க பாருங்க.”

தன் பக்க நியாயத்துக்காகத்தான் அவள் போனை நீட்டினாள். மஞ்சள் நிறத் தட்டு, ஓரத்தில் வாத்துப் படம் ஒட்டியது. பட்டாணியின் தட்டு என்பதற்கு அடையாளம் அந்த வாத்து. தட்டு காலி. கீழே ஒரு நட்சத்திரம், “இன்று நான் எல்லாக் காய்கறிகளையும் சாப்பிட்டேன்!” என்ற வரி. நர்ஸ் விரலால் தள்ளத் தள்ள அதே தட்டு, அதே வாத்து, அதே நட்சத்திரம்.

நர்ஸ் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “அப்ப கோளாறு வீட்லதான். அங்க கேரட்டும் பீன்ஸும் இறங்குது, வீட்டுக்கு வந்தா இறங்கலன்னா என்ன அர்த்தம்? உங்ககிட்ட அவ பிடிவாதம் செல்லுபடியாகுதுன்னு அர்த்தம். பாலும் வாழைப்பழமும் குடுத்து வயித்த நிரப்பாதீங்க. காயைப் பிசைஞ்சு ஊட்டுங்க. ரெண்டு நாள் அழுவா, மூணாம் நாள் வாயத் திறப்பா. அடுத்த மாசமும் கூடலன்னா பெரிய டாக்டர்கிட்டதான் அனுப்பணும். மூக்குல டியூப் வெக்கிற அளவுக்குக் கொண்டுபோயிடாதீங்க.”

எடை அட்டையில் நர்ஸ் எழுதியதை அவள் பேருந்தில் உட்கார்ந்து படித்தாள். “பகலில் காப்பகத்தில் முழுதாக உண்கிறாள். வீட்டில் கண்டிப்பு போதாது.” தனக்கு எதிரான சாட்சியைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

கணவன் பார்சல் நிறுவனத்தில் வேன் ஓட்டுகிறவன். சாயங்காலம் அட்டையைப் படித்துவிட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினான். “நான் சொன்னா சண்டைக்கு வருவ. இப்ப நர்ஸே எழுதிட்டாங்க.”

 

மறுநாளிலிருந்து பால் ஒரு வேளைதான். தரையில் உட்கார்ந்து விரலால் நசுக்கி நசுக்கித் தின்னும் வாழைப்பழம் நின்றுபோனது. கேரட்டை வேகவைத்துப் பிசைந்து கிண்ணத்தில் வைத்துக்கொண்டு அவள் மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். “அங்க மட்டும் திங்கத் தெரியுதுல்ல? இங்க என்ன நடிப்பு?” இரண்டு வயதுக் குழந்தையிடம் அப்படிக் கேட்டாள். மூன்றாம் நாள், நர்ஸ் சொன்னபடி வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் அவள் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மகளின் இரண்டு கன்னத்திலும் வைத்து அழுத்தினாள். வாய் திறந்தது. கரண்டி உள்ளே போனது. அன்று இறங்கியது. ஐந்தாம் நாள் இறங்கியதும் அதற்கு முன் இறங்கியிருந்த பாலும் சேர்ந்து அவள் மடியிலேயே வந்து விழுந்தது. எட்டாம் நாள், கரண்டி வைக்கும் இழுப்பறையைத் திறந்த சத்தம் கேட்டதுமே பட்டாணி மேசைக்கு அடியில் போய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் பகலில், வேலையிடத்தில், அந்தப் போட்டோ வந்தது.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய மருத்துவமனையின் சமையல்கூடத்தில், பாத்திரம் கழுவும் அறை. பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் முந்நூறு தட்டுகள் தள்ளுவண்டியில் வந்து சேரும். முதலில் நிற்பவள் மிச்சத்தை ரப்பர் ஸ்கிராப்பரால் வாளியில் வழித்துத் தள்ள வேண்டும். இரண்டாவது ஆள் குழாயால் பீய்ச்சியடித்து அடுக்கி வைக்க வேண்டும். பிறகு மிஷின். நான்கு வருடமாக அவள் முதல் இடத்தில் நிற்கிறாள். தட்டைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். பசியில்லாதவர் எல்லாவற்றையும் ஒரு மூலைக்கு ஒதுக்கியிருப்பார். வீட்டுச் சாப்பாடு ரகசியமாக வந்த நோயாளி ஒரு கரண்டி எடுத்து நாலா பக்கமும் பரப்பி வைத்திருப்பார். குழந்தைகள் வார்டிலிருந்து வரும் தட்டில் ஐந்து விரலும் வட்டம் வட்டமாகச் சுற்றியிருக்கும், தட்டின் அடிப்பக்கம்கூட ஒட்டியிருக்கும். இதையெல்லாம் அவள் யோசித்துத் தெரிந்துகொண்டதில்லை. கை தானாகத் தெரிந்துவைத்திருந்தது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அலமாரியின் மேல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போன் அதிர்ந்தது. அன்று காப்பகத்தில் பீட்ரூட் போலிருக்கிறது. மஞ்சள் தட்டில் இளஞ்சிவப்புக் கறை. பக்கத்தில் குழாயோடு நிற்கும் மூத்த பெண்ணுக்குத் தண்ணி அக்கா என்று பெயர். முப்பது வருடமாகக் குழாயை யாருக்கும் கொடுத்ததில்லை என்பதால் வந்த பெயர். அவள் எட்டிப் பார்த்தாள்.

“அடேங்கப்பா! உன் பொண்ணு நம்ம வேலைக்கே வந்துடலாம்டி. என்ன அழகா வழிச்சிருக்கா பாரு.”

அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. படத்தைப் பெரிதாக்கினாள். தட்டின் நடுவிலிருந்து விளிம்புவரை மூன்று நேர்கோடுகள், மூன்றும் ஒரே பக்கமாக. விளிம்பில், ரப்பர் தாண்டும் இடத்தில், தடிமனாக ஒரு சிவப்பு வரி. இடது கையில் அவள் அப்போதுதான் வழித்த தட்டு இருந்தது. அதிலும் அதே கோடுகள், விளிம்பில் அதே வரி.

“அக்கா, எந்தக் குழந்தையாவது இப்படி வழிக்குமா?”

“குழந்தை எங்கடி வழிக்கும்? குழந்தை தட்டைக் கவுக்கும். இது ரப்பர் போட்ட கோ…” தண்ணி அக்கா வாயை மூடினாள். முப்பது வருடத்தில் முதல்முறையாக அன்று தள்ளுவண்டியில் தட்டு நிற்கும்போதே குழாயை மூடினாள். “எத்தன நாளா அனுப்புறாங்க?”

நட்சத்திரம் போட்ட காலித் தட்டு மட்டும் நாற்பத்தேழு போட்டோ. கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பூசணியில் கோடு. கீரையில் கோடு. பட்டாணிக் கறி போட்ட நாளில் மட்டும் கோடு இல்லை, உருட்டினாலே போய்விடும். எல்லாக் கோடும் கீழ் வலது பக்கமாக இறங்கின. வலது கைக்காரர், பெரியவர், அவசரத்தில் இருப்பவர். ஒரு தட்டில்கூட ஒரு சின்ன விரலின் தடம் இல்லை. நாற்பத்தேழு நாளும் இந்தப் படத்தை அவள் ஆசையாகப் பார்த்திருக்கிறாள். நாத்தனாருக்கு அனுப்பிப் பெருமையடித்திருக்கிறாள். நாள் முழுக்க இதே வேலையைப் பார்க்கிறவளுக்கு இது கண்ணில் படவில்லை.

முதலில் வந்தது கோபம் இல்லை, கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ஒரு உணர்ச்சி. மகளின் கன்னம் எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பது. கோபம் அதற்குப் பின்னால் வந்தது, வந்தபின் போகவில்லை.

சாயங்காலம் கணவன் சிரிக்கத்தான் செய்தான். “தட்டுல கோட்டைப் பாத்துக் கேஸ் கண்டுபிடிச்சிருக்க. பேசாம போலீஸ்ல சேந்துடு.”

“தேஞ்ச டயரைப் பாத்து எவன் எப்படி ஓட்டிருக்கான்னு நீங்க சொல்லுவீங்கல்ல? நான் எதுத்துப் பேசிருக்கேனா?”

அவன் போனை வாங்கினான். ஐந்தாறு படம் தள்ளினான். பிறகு மெதுவாகத் தள்ளினான். மேசைக்கு அடியில் பட்டாணி ஒரு காலிப் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அப்ப இந்தப் பத்து நாளா நாம…”

“நாம இல்ல. கன்னத்தப் புடிச்சது நான். நீங்க சாட்சிக்கு நின்னீங்க.”

அவன் எழுந்து போய் அட்டையை ஒட்டியிருந்த காந்தத்தைத் தொட்டான், எடுக்காமல் திரும்பி வந்தான். “காலையில போய் நாலு கேள்வி கேட்டுட்டு வருவோம்.”

“காலையில போனா எல்லாம் சுத்தமா இருக்கும். நான் சாப்பாட்டு நேரத்துக்குப் போறேன். நீங்க வேணாம். நீங்க வந்தா ‘சார், உக்காருங்க’ன்னு சமாதானம் பேசுவாங்க, நீங்களும் உக்காந்துடுவீங்க.”

காப்பகம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. முன்கதவில் கேமராவும் மணியும் உண்டு. பெற்றோருக்கு மாலை ஐந்து மணிக்குத்தான் அது திறக்கும். ஆனால் எந்தச் சமையலறைக்கும் பின்கதவு ஒன்று இருக்கும், குப்பை போகிற நேரத்தில் அது திறந்தே இருக்கும் என்பது பாத்திரம் கழுவுகிறவளுக்குத் தெரியாதா? மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அவள் அந்த வழியாக உள்ளே போனாள். அடுப்பருகே நின்ற சமையல்காரர் திரும்பிப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

காகித யானைகள் ஒட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். உயரம் குறைந்த நீள மேசை. பதினோரு குழந்தைகள். ஒரே ஒரு மிஸ். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். இன்னொருத்தி உள்ளறையில் யாருக்கோ டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள், அழுகைச் சத்தம் வந்தது. நேற்று மீந்ததோ என்னவோ, இன்றும் பீட்ரூட்தான், விரல் நீளத்துக்கு நறுக்கி வேகவைத்தது, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு. தட்டுகள் வைக்கப்பட்டபோது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து.

பட்டாணி ஒரு துண்டை எடுத்தாள். முகர்ந்தாள். மேசையில் தேய்த்து, சிவப்பு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. இன்னொரு முறை தேய்த்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பக்கத்துப் பையன் தன் துண்டைக் கடித்துத் துப்பியதை வாய் பிளந்து வேடிக்கை பார்த்தாள். பிறகு தன் துண்டை நாக்கின் நுனியால் தொட்டாள். முகத்தைச் சுளித்தாள். கொஞ்சம் யோசித்தாள். மறுபடி தொட்டாள். கதவுக்குப் பின்னால் அம்மா மூச்சை இழுத்துப் பிடித்திருந்தாள். வீட்டில் பத்து நாளாக யாரும் அந்தக் குழந்தைக்கு இந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. துண்டு உதட்டுக்குப் போனது.

மிஸ்ஸின் மேலங்கிப் பையில் அலாரம் அடித்தது. பன்னிரண்டு இருபது.

மிஸ் ஒரு கையில் வெள்ளை வாளியை எடுத்தாள், மறுகையில் ரப்பர். மேசையின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தாள். வழி, தள்ளு, வை, போட்டோ. வழி, தள்ளு, வை, போட்டோ. கை தேர்ந்த வேலை. மருத்துவமனைச் சமையல்கூடத்தில் உடனே எடுத்துக்கொள்வார்கள். வாத்துத் தட்டு இழுக்கப்பட்டது. கையில் இருந்த துண்டும் பிடுங்கி வாளியில் போடப்பட்டது. பட்டாணி வெறுங்கையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். “தா,” என்றாள். “தா. தா.” மிஸ் அதற்குள் அடுத்த தட்டில் இருந்தாள்.

கதவு சுவரில் மோதித் திறந்தது.

“எடுத்ததை வைங்க.”

மிஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். “நீங்க எப்படி உள்ள… இது பேரண்ட்ஸ் வர்ற நேரம் இல்ல மேடம். கத்தாதீங்க, குழந்தைங்க பயப்படுவாங்க.”

“நான் இன்னும் கத்தவே ஆரம்பிக்கல. என் பொண்ணு வாய்க்குப் போனதைப் புடுங்கி வாளியில போட்டுட்டு ‘எல்லாத்தையும் சாப்பிட்டேன்’னு அவ பேர்ல எழுதுற கை எதுன்னு பாக்க வந்தேன். இந்தக் கைதானா? நாப்பத்தேழு நாள்! உங்க போட்டோவைப் பாத்து நர்ஸ் என் அட்டையில எழுதிட்டா. உங்க போட்டோவைப் பாத்து நான் இவ கன்னத்தை…” அவளால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. “பசிக்குதுன்னு சொல்லத் தெரியாத குழந்தைம்மா இது!”

“பதினோரு பேருக்கு நான் ஒருத்தி. பன்னெண்டரைக்குப் போட்டோ போகணும், பன்னெண்டே முக்காலுக்குத் தூங்க வைக்கணும். ஒரு துண்டுக்கு இவ அரை மணி நேரம் எடுக்கறா. நான் என்ன பண்ண?”

“அரை மணி நேரம் எடுக்கறான்னு எனக்கு எழுத வேண்டியதுதானே? பாதித் தட்டை அப்படியே அனுப்ப வேண்டியதுதானே?”

மிஸ் வாளியைக் கீழே வைத்தாள். அவள் குரலிலும் இப்போது பயம் இல்லை. “அனுப்பினேனே.” போனை எடுத்து வேகமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். “இவ சேர்ந்த மூணாவது நாள். பாருங்க. நல்லாப் பாருங்க.”

வாத்துத் தட்டு. பாதிக்கு மேல் மிச்சம். சுற்றிலும் விரல் தடம், நசுங்கிய கேரட், தட்டுக்கு வெளியே ஒரு துண்டு. சாப்பிட்ட தட்டு. அதற்குக் கீழே பெற்றோர் குழுவில் ஒரு செய்தி. “என் மகள் ஏன் பாதியை மிச்சம் வைத்திருக்கிறாள்? யாரும் கவனிப்பதில்லையா? இதற்காகவா உங்களிடம் விடுகிறோம்?” அதன் கீழ் ஏழு பெற்றோர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். அதன் கீழ் நிர்வாகியின் பதில்: “இனி இப்படி நடக்காது.”

செய்தியை எழுதியவள் அவள்தான். தள்ளுவண்டி வருவதற்கு முன் கிடைத்த இரண்டு நிமிடத்தில், நின்றபடியே எழுதியது. எழுதியதையே மறந்திருந்தாள்.

“மறுநாள் எனக்கு இந்த ரப்பரைக் குடுத்தாங்க,” என்றாள் மிஸ். “காலித் தட்டுதான் வேணும்னு கேட்டீங்க. காலித் தட்டு குடுத்தேன்.”

கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. ஆனால் அறை வாங்கியதால் கோபம் குறைந்துவிடுமா? கூடியது. இப்போது அதற்குப் போக இன்னும் இரண்டு இடம் கிடைத்திருந்தது, ஒன்று அந்த நிர்வாகி, மற்றொன்று அவளே.

அலுவலக அறையிலிருந்து நிர்வாகி வந்துவிட்டாள். மெல்லிய குரல், கழுத்தில் அடையாள அட்டை. மேசையையும் வாளியையும் இருவரையும் ஒரு பார்வையில் அளந்தாள். “ரொம்ப ஸாரிம்மா. எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. இந்தப் பொண்ணை இன்னிக்கே அனுப்பிடறேன்.”

மிஸ்ஸின் முகம் வெளுத்தது.

“அலாரத்தை வெச்சது யாரு?” என்று கேட்டாள் பட்டாணியின் அம்மா.

“அது டைம்டேபிள்…”

“ரப்பரை வாங்கிக் குடுத்தது யாரு? பதினஞ்சு நிமிஷத்துல ரெண்டு வயசுக் குழந்தை எந்த ஊர்ல தட்டைக் காலி பண்ணுது? நீங்க பண்ணுவீங்களா? இவங்க போனா நாளைக்கு இன்னொரு பொண்ணு வரும், இதே வாளியோட. இவங்க மேல எனக்கு இருக்கற ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்ல. ஆனா இவங்களை என்கிட்ட பலி குடுத்துட்டு நீங்க நழுவ முடியாது.”

அவள் குனிந்து வாளியைப் படம் எடுத்தாள். பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் சேர்ந்து காயம் பட்ட நிறத்தில் முக்கால் வாளி. பெற்றோர் குழுவைத் திறந்தாள்.

“குரூப்ல போடாதீங்கம்மா, ப்ளீஸ். பேசித் தீர்த்துக்கலாம்.”

நின்றபடியேதான் இதையும் எழுதினாள், ஆனால் இந்த முறை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்து. “இது நம் பதினோரு குழந்தைகளின் இன்றைய சாப்பாடு. தினமும் இங்கேதான் போகிறது. நமக்கு வரும் காலித் தட்டுகள் ரப்பரால் வழித்தவை. பாதித் தட்டை அனுப்பியதற்காக முதலில் சண்டை போட்டவள் நான். பதினைந்து நிமிடம் போதாது, இன்னோர் ஆள் வேண்டும், தட்டை இருக்கிறபடியே காட்ட வேண்டும். இதை நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். மிஸ்ஸை வேலையை விட்டு எடுப்பது இதற்குப் பதில் ஆகாது.” அனுப்பினாள்.

மகளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியிலேயே வெளியேறினாள். பின்கதவில் சமையல்காரர் மூடிய டப்பா ஒன்றை நீட்டினார். “வாளி ஏன் இவ்ளோ கனமா இருக்குன்னு ஒரு நாள் கேட்டேன்மா. உன் வேலைய மட்டும் பாருன்னாங்க. பாத்தேன்.” அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவளும் டப்பாவை வாங்கிக்கொண்டாளே தவிர நன்றி சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் போன் முப்பது முறை அதிர்ந்திருந்தது. சிலர் கொதித்திருந்தார்கள். சிலர் அவள்மேலேயே கொதித்திருந்தார்கள், காப்பகத்தின் பெயரைக் கெடுக்கிறாளாம். ஒரு தகப்பன் எழுதியிருந்தான்: “மற்றவர்கள் விஷயம் எனக்குத் தெரியாது. என் மகன் தட்டு மட்டும் உண்மையிலேயே காலிதான் என்று யாராவது உறுதி செய்ய முடியுமா?” அவள் போனை அதிர விட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

கரண்டி இழுப்பறையைத் திறக்கவில்லை. தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தனக்கு ஒரு தட்டில் பீட்ரூட்டைப் போட்டுக்கொண்டாள், மகளுக்கு ஒன்றும் போடவில்லை. கையாலேயே தின்றாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோபத்தோடு மெல்லும்போது தாடை வலித்தது.

டப்பாவைத் திறந்ததுமே மேசைக்கு அடியில் போய்விட்ட பட்டாணி அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திய கைகள் அப்படியே இருந்தன. கால் மணி நேரம் போயிருக்கும். பிறகு ஒரு கை விலகியது. குழந்தை உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வந்தாள், அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். “எடுத்துக்கோடி தங்கம்” என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினாள்.

தட்டிலிருந்து ஒரு துண்டு போனது. தரையில் தேய்த்தாயிற்று. சிவப்பு வந்தாயிற்று. நாக்கு தொட்டாயிற்று. பிறகு ஒரு கடி. சின்னத் தாடை இரண்டு முறை அசைந்தது. முகம் கோணியது. குழந்தை அம்மாவின் உள்ளங்கையைப் பிரித்து, அதில் மென்றதைத் துப்பி, மிச்சத் துண்டையும் அதிலேயே வைத்தாள்.

அவள் துடைக்கவில்லை. கையில் இருந்த பீட்ரூட்டைப் பார்த்தாள். ஒரு ஓரம் மட்டும் குறைந்திருந்தது, அந்த ஓரத்தில் நான்கு பல் தடம். கணவன் சாவியோடு உள்ளே வந்து, தரையெல்லாம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

“என்ன ஆச்சு? சாப்பிட்டாளா?”

“சத்தம் போடாதீங்க,” என்றாள் அவள். “என் போனை எடுங்க. இந்தக் கையை ஒரு போட்டோ எடுங்க. நர்ஸ்கிட்ட காட்டணும்.”

பட்டாணி அதற்குள் அடுத்த துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.